இலட்சத்தீவு நூல்களில் வழக்காற்றுச் சொற்கள்: தமிழாக்க நோக்கில் ஒரு மதிப்பீடு

இலட்சத்தீவின் வரலாறு, சட்டம், சமூக வாழ்வு ஆகியன குறித்து எழுந்த நூல்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றை இயற்றியோர் ஆட்சி அலுவலராகவோ மானிடவியலாராகவோ சட்ட அறிஞராகவோ விளங்கினர். அவர்கள் எடுத்துக்கொண்ட பொருளோ, மலையாளத்தோடு நெருங்கிய உறவுடைய ஜெஸரிப் பேச்சிலும், மினிக்காய்த் தீவில் மஹல் மொழியிலும் நிகழும் வாழ்க்கையாகும். ஆகவே இந்நூல்கள் தம்மை மொழிபெயர்ப்பு என்று கூறிக்கொள்ளாவிடினும் அவ்வினையையே செய்கின்றன. தீவு மக்களின் சொல் ஒன்றை எடுத்து, அதற்கு ஆங்கிலத்தில் ஓர் ஈடு வைத்து, பின்னர் அவ்வீட்டையே மூலப்பொருளாகக் கொண்டு வாதத்தை வளர்த்துச் செல்வது இவற்றின் பொதுவியல்பு. ஈடாக வைத்த சொல் நீதிமன்றத்திற்கும் அரசாணைக்கும் சென்று சேரும்போது, நிலம் யாருடையது, வீடு யாருடையது என்பதை அச்சொல்லே தீர்மானிக்கத் தொடங்குகிறது.

இந்நூல்களைத் தமிழில் பெயர்க்க முனைவோரின் நிலை ஆங்கிலத்தில் எழுதியோரின் நிலையினின்றும் வேறுபட்டது. தீவுச் சொற்களுள் பல தமிழுக்கு உடன்பிறப்புகள். ஆங்கிலத்தில் ஈடு காண இயலாத இடத்தில் தமிழில் அச்சொல்லே இருக்கக் காணலாம். ஆயின் உடன்பிறந்த சொற்கள் வேறு வேறு வீடுகளில் வளர்ந்தவை என்பதை மறந்தால், ஆங்கிலம் செய்ததினும் பெரிய பிழையைத் தமிழ் செய்துவிடக்கூடும். இவ்விரு நிலைகளையும் வைத்து இந்நூல்களை மதிப்பிடுவதே ஈண்டு நோக்கம்.

நூல்களும் அவற்றின் நோக்கும்

1847ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் 1848இல் எழுதப்பட்ட வில்லியம் ராபின்சனின் அறிக்கையும், 1924இல் சென்னை அரசு அச்சகத்தின்வழி வந்த ஆர். எச். எல்லிசின் 'இலக்கத்தீவுகளும் மினிக்காயும்: ஒரு சுருக்க வரலாறு' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலும் ஆட்சியாளர் எழுத்துகள். தீவுகளுக்கு அவ்வப்போது கப்பலில் வந்து, வழக்குகளைக் கேட்டு, கணக்குகளைப் பார்த்துத் திரும்பும் அலுவலரின் பார்வை எல்லிசின் நூல் முழுதும் படிந்துள்ளது. தென்னை, கயிறு, அரிசி, வரி ஆகியவற்றில் அவர் கூறுவன தெளிவானவை. குடும்பமும் உரிமையும் பற்றிக் கூறுமிடத்தில், வழக்கைத் தீர்க்கத் தேவைப்படும் அளவே சொல்லுக்குப் பொருள் தேடப்படுகிறது. நூற்பெயரில் மினிக்காய் தனியே ஒட்டி நிற்பது காண்க. அத்தீவைப் பின்னிணைப்பாகக் கருதும் போக்கு அதற்குப் பின்வந்த நூல்களையும் விட்டபாடில்லை.

1956 நவம்பர் 1இல் ஒன்றிய ஆட்சிப்பகுதி அமைந்த பின்னர் ஆய்வின் திசை மாறியது. கல்பேனித் தீவைக் களமாகக் கொண்ட லீலா டியூபின் 'தாய்வழி மரபும் இசுலாமும்' (1969), அதே தீவில் ஏ. ஆர். குட்டி மேற்கொண்ட திருமணம், உறவுமுறை பற்றிய ஆய்வு (1972), கே. பி. இட்டமனின் அமினித் தீவினர் பற்றிய நூல் (1976) ஆகியவை ஒரு காலகட்டத்தன. என். எஸ். மன்னாடியார் பதிப்பித்த விவரச்சுவடி 1977இல் வந்தது. தியோடர் கேப்ரியலின் வரலாறும் சமயமும் பற்றிய நூல் 1989இலும், சட்டத்திற்கும் வழக்காற்றுக்கும் உள்ள உறவை ஆயும் வி. விஜயகுமாரின் நூல் 2006இலும் வெளியாயின. இவற்றுள் மொழிபெயர்ப்பாளர் முதலில் கற்கவேண்டியது டியூபின் நூலே. தாய்வழி உரிமையும் இசுலாமிய விதியும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே வீட்டில் எவ்வாறு குடியிருக்கின்றன என்பதை, முன்முடிபின்றி, நடைமுறையை நோக்கி விளக்கியது அது. விவரச்சுவடி செய்திகளின் களஞ்சியம். அதனிடம் விளக்கத்தை எதிர்பார்த்தல் ஆகாது.

வெள்ளியும் திங்களும்

தீவுகளின் சொத்துரிமை முழுவதும் இரு தொடர்களில் அடங்கும். ஒன்று வெள்ளியாழ்ச்ச ஸ்வத்து. மற்றொன்று திங்களாழ்ச்ச ஸ்வத்து. 'ஆழ்ச்ச' என்பது கிழமையைக் குறிக்கும் மலையாளச் சொல். முன்னது தறவாட்டுக்கு உரியது, தாய்வழியே இறங்குவது, தனியொருவர் விற்கவோ பிரித்தெடுக்கவோ இயலாதது. பின்னது ஒருவர் தாமே ஈட்டியது. அவர் விரும்பியவாறு கொடுக்கத்தக்கது. அவருக்குப் பின் இசுலாமியத் தாயவிதிப்படி பங்கிடப்படுவது. தீவினர் ஷாஃபி நெறியைப் பின்பற்றும் முசுலிம்கள். ஒரே மனிதர் வெள்ளியாழ்ச்சச் சொத்தில் மருமகனாகவும், திங்களாழ்ச்சச் சொத்தில் தந்தையாகவும் நிற்கிறார். இரண்டு சட்டங்கள் இரண்டு கிழமைகளின் பெயரால் எல்லை வகுத்துக்கொண்டு அமைதியாக இருக்கின்றன.

ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் கிழமைப்பெயரின் நேர்பெயர்ப்பாக வருகின்றன; சட்ட விளக்கம் தேவைப்படுமிடத்துக் 'கூட்டுக்குடும்பச் சொத்து', 'தனியீட்டுச் சொத்து' என்னும் பொருளுடைய தொடர்களால் விளக்கப்படுகின்றன. இவ்விளக்கமே இடர்ப்பாட்டின் ஊற்று. கூட்டுக்குடும்பச் சொத்து என்பது மிதாட்சர மரபின் சுமையைத் தாங்கிய தொடர். அம்மரபில் பங்காளி ஒருவர் பாகப்பிரிவினையைக் கேட்டுப் பெறலாம். பிரித்தல் என்னும் உரிமை அச்சொத்தின் உள்ளேயே இருக்கிறது. மேலும் அது ஆண்வழிப் பங்காளிகளின் சொத்து. தமிழகத்தில் 1989 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தமும், நாடளாவிய நிலையில் 2005ஆம் ஆண்டின் திருத்தமும் வரும்வரை மகளுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது. வெள்ளியாழ்ச்சச் சொத்தோ இதற்கு நேர்மாறானது. பெண்ணின் வழியேதான் அது தொடரும். ஆணுக்கு அதில் உள்ளது அவன் வாழ்நாளளவான துய்ப்பு மட்டுமே, அவன் மக்களுக்கு ஒன்றும் இல்லை. 'கூட்டுக்குடும்பச் சொத்து' என்று தமிழில் எழுதிய மறுகணமே, தமிழ் வாசகர் மனத்தில் தாத்தாவும் அவர் ஆண்மக்களும் வில்லங்கச் சான்றும் வந்து நிற்கின்றன. தீவின் பாட்டியும் அவள் மகள்களும் மறைந்துபோகிறார்கள்.

அங்ஙனமாயின் 'வெள்ளிக்கிழமைச் சொத்து' என நேரே பெயர்க்கலாமா எனின், அதிலும் ஒரு பொறி உண்டு. முசுலிம் சமூகம் ஒன்றைப் பற்றிய நூலில் வெள்ளிக்கிழமை என்ற சொல் வந்தால் தமிழ் வாசகர் ஜும்ஆவை நினைப்பார். சொத்தோடு சேர்த்து நோக்கின் அது பள்ளிவாசலுக்குரிய வக்ஃபு என்றே கொள்வார். வக்ஃபு இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டது. வெள்ளியாழ்ச்சச் சொத்து தறவாட்டினுடையது. இரண்டும் விற்கப்படாதவை என்ற வெளியொற்றுமை இப்பிழையை மேலும் நம்பத்தக்கதாக்கிவிடும். ஆதலின் வெள்ளியாழ்ச்சச் சொத்து, திங்களாழ்ச்சச் சொத்து என்று தீவுச் சொல்லை நிறுத்தி, முதல் ஆட்சியில் 'தாய்வழி வரும் பிரிபடாத தறவாட்டுச் சொத்து' என்றும், 'தாமே ஈட்டிய சொத்து' என்றும் பொருள் கூறுதல் நன்று. 'ஆழ்ச்ச' என்னும் அயன்மையே வாசகரைச் சற்று நிறுத்தும், அந்நிறுத்தம் தேவையானது.

தறவாடு என்னும் சொல்லுக்கும் இங்கே ஒரு குறிப்பு வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டை நம்பிப் பெயர்ப்போர் 'தார்வாட்' என்று எழுதிவிட, வாசகர் கர்நாடக நகரம் ஒன்றில் குடும்பம் நடத்த நேர்கிறது. மலையாளத்தில் றகரம் உண்டு, தமிழிலும் உண்டு. தறவாடு என எழுதுவதில் தடையொன்றும் இல்லை.

மருமக்கள்வழி என்னும் ஈடு

தாய்வழி உரிமைக்குத் தமிழில் ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. நாஞ்சில்நாட்டு வேளாளரிடையே வழங்கிய மருமக்கள்வழி அது. மலையாள மருமக்கத்தாயத்தின் அண்டைவீட்டுச் சொல். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'நாஞ்சில்நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' தமிழிலக்கிய வாசகர் அனைவருக்கும் அச்சொல்லை அறிமுகப்படுத்திவிட்டது. டியூபையோ குட்டியையோ தமிழாக்குவோர் கை இயல்பாகவே அதனை நோக்கி நீளும். நீளக்கூடாது என்பதற்குக் காரணம் உண்டு.

நாஞ்சில்நாட்டில் பெண் மணமான பின் கணவன் வீட்டுக்குச் சென்று வாழ்ந்தாள். ஆனால் அவ்வீட்டின் சொத்து கணவனின் மருமக்களுக்குப் போயிற்று. உறைவிடம் ஒரு வழி, உரிமை ஒரு வழி. கணவன் இறந்தால் மனைவியும் மக்களும் மருமகன் வீட்டில் நிற்கும் நிலை. மான்மியத்தின் அங்கதமும் அழுகையும் இம்முரணிலிருந்து பிறந்தவை. திருவிதாங்கூர் அரசு 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளர்க்கெனத் தனிச்சட்டம் செய்ததற்கும் இம்முரணே அடிநிலை. கல்பேனியில் இம்முரண் இல்லை. அங்கே மனைவி தன் தறவாட்டை விட்டு அகல்வதில்லை. கணவன் பகலில் தன் தறவாட்டில் உழைத்து உண்டு, இரவில் மனைவியின் வீட்டுக்கு வருகிறான். மணமுறிவு நேர்ந்தாலும் கணவன் இறந்தாலும் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் கூரை மாறுவதில்லை. ஆடவர் நீண்டநாள் கடற்பயணத்தில் இருந்த சமூகத்திற்கு இது பொருந்திய ஏற்பாடு என்பதும் எண்ணத்தக்கது. இத்தகைய அமைப்புக்கு 'மருமக்கள்வழி' என்று பெயரிட்டால், நாஞ்சில்நாட்டுப் பெண்ணின் முறையீடு முழுவதும் தீவுப் பெண்ணின் வாயில் வைக்கப்படுகிறது. டியூப் நிறுவ முயன்றதற்கு இது நேர் எதிர்.

இன்னொன்றும் உண்டு. மருமக்கள்வழி என்ற பெயரே மாமனின் இடத்தில் நின்று நோக்குவது. தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதை, மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்வதாக அது சொல்கிறது. தீவின் கிழமைப்பெயரோ யாருக்குரியது என்று எவரையும் சுட்டாமல் சொத்தின் தன்மையை மட்டும் சுட்டுகிறது. 'தாய்வழி' என்னும் பொதுச்சொல் வறண்டதே எனினும் பிழையற்றது.

உறைவிடத்தைக் குறிக்கும் கலைச்சொல்லிலும் இதே கவனம் தேவை. கணவன் மனைவியர் தத்தம் பிறந்தகத்திலேயே இருப்பதை 'இருமனை உறைவு' எனலாம். 'வீட்டோடு மாப்பிள்ளை' என்னும் தொடர் ஒருபோதும் ஆகாது. தமிழில் அது ஏளனச்சொல். காயல்பட்டினத்து முசுலிம்களிடையே மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வதும் வீடு மகளுக்கு அமைவதும் மதிப்புக்குறைவாகக் கருதப்படுவதில்லை. தமிழ்மொழிக்குள்ளேயே அத்தகைய வழக்கு இருக்க, நகர்ப்புற நகைச்சுவையிலிருந்து சொல்லெடுப்பது வறுமையைக் காட்டும். எனினும் காயலில் கணவன் மனைவியின் வீட்டிலேயே தங்குகிறான். கல்பேனியில் இரவில் வந்து போகிறான். காயலின் சொல்வளத்தைக் கடன்கொள்ளலாம், அதன் அமைப்பை அன்று.

மணியக்காரரும் பண்டாரமும்

ஆட்சிச் சொற்களில் நிலைமை மாறுகிறது. இங்கே தமிழுக்குக் கிடைக்கும் உதவி மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமினித் தீவுக்கூட்டம் திப்பு சுல்தானிடம் சென்று, அவர் வீழ்ச்சிக்குப்பின் கும்பெனியாட்சியில் தென்கன்னட மாவட்டத்தோடு இணைந்தது. தெற்குத் தீவுகள் கண்ணூர் அறக்கல் குடும்பத்தாரிடம் நெடுங்காலம் இருந்து, 1875இல் ஆங்கிலேயர் பொறுப்பில் வந்து, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் முற்றாகக் கைமாறின. ஆகவே ஒரே பணிக்கு இரு பெயர்கள் வழங்கின: தெற்கே ஆமீன், அமினியில் 'மொனேகர்'. இரண்டாவதை ஆங்கில நூலிற் கண்டு அவ்வாறே தமிழில் எழுதுவோர், அது தமிழ் 'மணியக்காரர்' என்பதன் சிதைவு என்பதை அறியாதவராவர். சென்னையின் மணியக்காரர் சத்திரம் ஆங்கிலத்தில் ஏற்ற உருவமும் இதுவே. இங்குத் தயங்காமல் மணியக்காரர் என எழுதலாம். பொருளும் ஒன்று, பணியும் ஏறத்தாழ ஒன்று. குத்தகை உடன்படிக்கையைக் குறிக்கும் 'கவுல்' என்பதும் கும்பெனிக்காலத் தமிழ் ஆவணங்களில் பயின்றதே. 1965ஆம் ஆண்டின் நிலவருவாய், குத்தகை ஒழுங்குமுறை பேசும் கவுல்தாரரின் அனுபோக உரிமையை விளக்கப் புதுச்சொல் புனைய வேண்டுவதில்லை.

பண்டாரம் என்னும் சொல் அவ்வளவு எளிதன்று. தெற்குத் தீவுகளில் அறக்கல் கருவூலத்துக்கு உரியனவாயிருந்து பின் அரசுடைமையான நிலங்கள் பண்டார நிலங்கள் எனப்படும். கருவூலம் என்ற பொருள் தமிழிலும் பழமையானது, கல்வெட்டுகளில் பயில்வது. ஆயின் இன்றைய வாசகருக்குப் பண்டாரம் என்றால் பூக்கட்டும் சமூகத்தவரோ பரதேசியோதான் நினைவுக்கு வருவர். 'அரசு நிலம்' என்று பெயர்த்துவிட்டால் இடர் தீரும் எனலாம். ஆனால் அப்போது ஒரு வாதமே முன்கூட்டித் தீர்ப்புப் பெற்றுவிடும். பண்டார நிலத்தில் தலைமுறைகளாகத் தென்னை வைத்துப் பயன்கொண்டோர் அதனைத் தமது உரிமை என்கின்றனர். நிர்வாகம் அது அரசினது, குத்தகைக்கு விடப்பட்டது என்கிறது. 2024இல் அந்நிலங்களை அளக்க நிர்வாகம் முற்பட்டபோது எழுந்த பிணக்கு கேரள உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2021ஆம் ஆண்டின் வளர்ச்சி ஆணைய ஒழுங்குமுறை வரைவைத் தீவினர் எதிர்த்தபோதும் நிலத்தின் மீதான அச்சமே அதன் உயிர்நாடியாக இருந்தது. இந்நிலையில் பண்டாரம் என்பதை அரசு நிலம் எனப் பெயர்ப்பவர், அறிந்தோ அறியாமலோ ஒரு தரப்பின் வழக்கறிஞராகிறார். 'பண்டார நிலம்' என்றே நிறுத்தி வரலாற்றைக் குறிப்பில் கூறுதலே நடுநிலை.

மக்களைக் குறிக்கும் பெயர்கள்

கோயா, மால்மி, மேலாச்சேரி என்னும் மூன்று பிரிவுகளைப் பழைய நூல்கள் சாதிகள் என எழுதிச் சென்றன. 1973இல் இம்தியாஸ் அகமது தொகுத்த நூலில் இடம்பெற்ற தமது கட்டுரையில் டியூப் 'சாதிக்கு ஒப்பானவை' என்னும் பொருள்படும் தொடரை ஆண்டார். அந்த ஒரு சொல்லடையில் முழுக் கொள்கையும் அடங்கியுள்ளது. தமிழில் 'சாதிகள்' என்று சுருக்கினால் கட்டுரையின் பொருளே கெடும். 'சாதியொப்புப் பிரிவுகள்' எனலாம். கரடுமுரடான தொடராயினும் ஆசிரியர் வைத்த இடைவெளியை அது காக்கிறது.

மேலாச்சேரி என்பதில் 'மேல்' என்னும் உருவைக் கேட்டு உயர்வைக் கருதும் தமிழ்ச் செவிக்கு, அவர்கள் தென்னை ஏறுவோராகத் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டோர் என்பது வியப்பளிக்கும். மால்மியோ வேறு வகை. அரபு 'முஅல்லிம்' என்பதன்வழி வந்ததாகக் கொள்ளப்படும் இச்சொல்லும் தமிழ் 'மாலுமி'யும் ஒன்றே. ஆனால் தமிழில் அது தொழிற்பெயர். எவரும் மாலுமி ஆகலாம். தீவில் அது பிறப்பால் வரும் குழுப்பெயருமாகும்.

அட்டவணைப் பழங்குடியினர் என்னும் அரசியலமைப்புச் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். ஆணை இங்கே எந்தக் குடிப்பெயரையும் சுட்டவில்லை. தாமும் தம் பெற்றோர் இருவரும் இத்தீவுகளிற் பிறந்தோராயிருத்தலே வரையறை. 2011 கணக்கெடுப்பில் 64,473 பேர் வாழ்ந்த ஆட்சிப்பகுதியின் மிகப்பெரும்பாலோர் இவ்வரையறையுள் அடங்குவர். 'பழங்குடி மக்கள்' என்று அடைமொழியாக்கி எழுதும்போது மலையும் காடும் உடன்வருகின்றன. சட்டத்தகுதி என்பது மறைந்துவிடுகிறது.

ஒலியும் எழுத்தும்

ஜெஸரி என்ற பெயர் தீவைக் குறிக்கும் அரபுச் சொல்லோடு தொடர்புடையது. மலையாளத்தின் சொல்முதல் பகரம் இதில் உரசொலியாகும்: பெண்ணு ஃபெண் ஆகும், பின்னெ ஃபின்னெ ஆகும். சகரத்துக்கு ஷகரம் வரும்: சொல்லி, ஷொல்லி. சொல்முதல் உகரம் கெட்டு, உறங்கி என்பது றங்கி என நிற்கும். இம்மூன்றையும் தமிழெழுத்தில் ஒருவாறு காட்டலாம். வகரம் ஒலிப்புடைப் பகரமாகும் மாற்றம்தான் அகப்படாதது. வந்நு என்பதன் தீவு வடிவைத் தமிழில் 'பந்நு' என எழுதினால் ஒலிப்பிலாப் பகரமாகவே படிக்கப்படும். வெள்ளியாழ்ச்ச என்னும் சொல்லுக்கே இவ்விதி பொருந்துமாதலின், பேச்சுவடிவைத் துல்லியமாகக் காட்ட விரும்பும் மொழியியலார் ஒலிக்குறியீட்டை நாடவேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்கு மலையாள எழுத்துவடிவே போதும்.

மினிக்காய்ச் சொற்களுக்கு இவ்வுதவிகள் எவையும் இல்லை. மஹல், மாலத்தீவின் திவேகியோடு ஒன்றியது. வலமிருந்து இடமாக எழுதும் தானா எழுத்தில் எழுதப்படுவது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் பன்னீராயிரம் தீவுகளை மாலத்தீவு என்று பெரும்பாலோர் கொள்வர். இலட்சத்தீவையும் அதனுட் சேர்ப்போர் உளர். கிளாரன்ஸ் மலோனி தமது 1980ஆம் ஆண்டு நூலில் மாலத்தீவின் உறவுமுறைச் சொற்களில் திராவிட அடிப்படை உண்டென வாதிட்டார். அவ்வாதம் ஏற்கத்தக்கதாயினும், அதனை நம்பி இன்றைய மினிக்காய்ச் சொற்களுக்குத் தமிழ் வேர் தேடுவது வீண்முயற்சி. அங்கே மணிக்ஃபான், தக்ருஃபான், தக்ரு, ரவேரி என்னும் பிரிவுப்பெயர்களை அவ்வாறே எழுதிச் செல்வதே தக்கது.

மால்மி என்ற சொல்லோடு ஒரு நூலைக் குறிக்கவேண்டும். கவரத்தியின் மால்மி ஒருவருடைய ராஹ்மானி என்னும் கடலோடிச் சுவடியை லோட்டிகா வரதராஜன் 2004இல் பதிப்பித்தார். தீவினரின் அறிவைத் தீவினர் ஒருவரின் எழுத்திலிருந்தே தரும் நூல் அது. மேற்கூறிய ஆட்சியாளர், ஆய்வாளர் நூல்களுக்கு இல்லாத தகுதி இது. விண்மீன், காற்று, துறை, தொலைவு ஆகியவற்றின் சொற்கள் நிறைந்த அச்சுவடியைத் தமிழாக்குவோர் 'மாலுமி' என்னும் சொல்லைத் தயங்காமல் ஆளலாம். அங்கே அது தொழிலையே குறிக்கிறது. உரிமையாளர் பெயரின் ஈற்றில் வரும் 'மால்மி'யை மட்டும் மாற்றாமல் விடவேண்டும்.